இலேசும் உழைப்பும்

ஓடுகிறவர் உடம்பில் பாரமாகாமலும், துவைக்கிற கல்லில் நைந்துபோகாமலும் ஒரு சட்டையைச் செய்வது எப்படி? மஞ்சக்குட்டை மலைப்பாதையிலிருந்து திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் வரை ஒரு விசாரணை.

சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டைப் பக்கத்தில் மார்கழி மாதத்து விடியற்காலையில் வாசலுக்கு வந்து நிற்பவர் கண்ணுக்கு மலையும் தெரியாது, மரமும் தெரியாது. சில்வர் ஓக் மரங்களையும், அவற்றைப் பற்றி ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளையும், அவற்றின் நிழலில் நிற்கும் காப்பிச் செடிகளையும் ஒரே வெண்மையில் ஆழ்த்திவிட்டு, மூடுபனி மட்டும் சாலையின்மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பனிக்குள்ளே ஓடுவதை நித்தியக் கடமையாக நான் மேற்கொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. வேகமாக ஓடுபவன் அல்லன் நான். ஆயினும், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் இந்தச் சாலை ஓடுகிற மனிதனின் கால்களை எப்படிச் சோதிக்கிறதோ, அப்படியே அவன் மேலே கிடக்கும் துணியையும் சோதிக்கிறது என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டுகொண்டேன்.

ஏற்றத்தில் தேகம் கொதிக்கிறது. பருத்திப் பனியன் வேர்வையைக் குடித்துக் குடித்துக் கனத்து, முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. உச்சியைக் கடந்து இறக்கத்தில் திரும்பியதும், எதிர்க்காற்று அந்த ஈரத்தில் பட்டு உடம்பு முழுவதும் நடுக்கம் எடுக்கிறது. சமவெளியில் ஓடுகிறவருக்கு ஒரு குற்றத்தை மட்டும் காட்டும் துணி, மலையில் தன் இரண்டு குற்றங்களையும் அரைமணி நேரத்துக்குள் காட்டிவிடுகிறது. ஒருநாள் வீடு திரும்பியவுடன் அந்தப் பனியனைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தபோது இருந்த எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காட்டிற்று.

அதன் பிறகு, ஓட்டத்துக்கென்றே செய்த இலேசான சட்டை ஒன்றை வாங்கினேன். கையில் ஏந்தினால் ஏந்தியிருப்பதே தெரியாத அந்தச் சட்டையை அணிந்து ஓடிய முதல் வாரம் பரம சுகமாக இருந்தது. ஆனால் இரண்டு மாதங்களுக்குள் அக்குளில் தையல் விட்டது; சாலையோரத்து உண்ணிச்செடியின் கிளை உரசிய இடத்தில் நூல் இழுத்துக்கொண்டு கோடு விழுந்தது; வேர்வையைப் பரப்பி உலர்த்தும் குணமோ துவைக்கத் துவைக்கத் தேய்ந்துகொண்டே போயிற்று. எங்கள் வீட்டுத் துணிகளைத் துவைத்துத் தரும் பாட்டியம்மாள், அதைக் கல்லின்மேல் விரித்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சட்டை பூவாட்டம் இருக்குதுங்க, ஆனா உழைக்காதுங்களே" என்றார்.

அந்த ஒரு சொல் என் சிந்தனையைக் கிளறிவிட்டது. துணி நெடுநாள் தாங்குவதை நம் மக்கள் 'உழைக்கிறது' என்கிறார்கள். மாடு உழைக்கிறது, மனிதன் உழைக்கிறான், வேட்டியும் உழைக்கிறது. வஸ்திரத்தையும் வேலை செய்யும் ஜீவன்களின் வரிசையில் வைத்து எண்ணிய சமூகத்தின் வாக்கு அது. இலேசாகவும் இருக்கவேண்டும், உழைக்கவும் வேண்டும் என்னும் இவ்விரண்டு நிபந்தனைகளும் ஒன்றோடொன்று முரண்படுவன என்று தோன்றும். அந்த முரண்பாட்டைத் தீர்ப்பதே ஓட்ட ஆடையை வடிவமைக்கும் கலையின் சாரம்.

உடம்பின் கணக்கு

ஓடும் மனிதன் தன் சக்தியின் பெரும்பகுதியை ஓட்டத்துக்குச் செலவிடுவதில்லை, உஷ்ணமாகவே வெளியேற்றுகிறான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்கு வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பத்தைப் போக்குவதற்கு இயற்கை நமக்களித்த பிரதான உபாயம் வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை தோலின்மேல் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: சொட்டி விழும் வேர்வையால் உடம்புக்குப் பிரயோஜனம் மிகக் குறைவு, ஆவியாகும் வேர்வையே குளிர்ச்சி தருகிறது. ஆகவே ஓட்ட ஆடையின் முதற்கடமை, தோலிலிருந்து வேர்வையை வாங்கி, அகலமாகப் பரப்பி, காற்றிடம் விரைவில் ஒப்படைத்துவிடுவதுதான்.

பருத்தி இந்தக் கடமையில் பாதியைச் சிறப்பாகச் செய்து மீதிப் பாதியில் தவறுகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக உள்ள இயல்பான நிலையிலேயே பருத்தி இழை தன் எடையில் 8 சதவீத அளவுக்கு ஈரத்தை உள்ளே ஏற்று வைத்துக்கொள்கிறது, பாலியெஸ்டரோ 0.4 சதவீதம்தான் ஏற்கிறது. வேர்வையை மனமுவந்து வாங்கிக்கொள்ளும் பருத்தி, அதைக் காற்றுக்குக் கொடுக்க மனமில்லாமல் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. இதனால் பருத்தியை இகழ்ந்துவிடுவது நியாயமாகாது. நனைந்தால் பலம் குறையும் இழைகள் பல இருக்க, நனைந்தபோது பலம் கூடும் அபூர்வ குணம் பருத்திக்கு உண்டு. பருத்தி வேட்டி தலைமுறை தலைமுறையாகக் கல்லில் அடிபட்டும் உழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நடைக்கும் உறக்கத்துக்கும் வயல்வேலைக்கும் அதற்கு நிகரில்லை. நீண்ட ஓட்டம் ஒன்றில்தான் அது பின்தங்குகிறது.

ஒன்பது கிலோமீட்டர் நூல்

அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் ரசாயன அறிஞர் 1935-ஆம் ஆண்டில் நைலானைக் கண்டறிந்தார். இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த காலிகோ அச்சடிப்பாளர் சங்கத்தில் பணிபுரிந்த வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-இல் பாலியெஸ்டர் இழையை உருவாக்கினர். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் எலாஸ்டேன் இழையை 1958-இல் ஜோசப் ஷிவர்ஸ் செய்து முடித்தார். இன்றைய ஓட்ட ஆடைகள் யாவும் பெரும்பாலும் இம்மூன்று இழைகளின் சந்ததியே.

இவற்றின் மென்மையை அளக்கும் முறையை ஓடுகிறவர்கள் அவசியம் அறிந்துகொள்ளவேண்டும். 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ, அந்த எண்ணிக்கையே அதன் டெனியர். ஓட்டச் சட்டைக்குச் சாதாரணமாகப் பயன்படும் 75 டெனியர் நூலை ஒருவர் மஞ்சக்குட்டைச் சாலையில் அவிழ்த்துக்கொண்டே ஓடுவாராயின், ஒன்பது கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது அவர் கையிலிருந்து 75 கிராம் மட்டுமே குறைந்திருக்கும். அந்த நூலால் பின்னிய 120 கிராம் எடையுள்ள ஒரு சட்டைக்குள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நூல் சுருண்டு கிடக்கிறது. ஒருநாள் காலையில் நாம் ஓடுவதைக் காட்டிலும் நம் மேலிருக்கும் நூல் நீளமானது.

அந்த 75 டெனியர் நூலும் தனியொரு இழையன்று. 36 அல்லது 72 நுண்ணிழைகள் சேர்ந்தது அது. நூல் ஒரே பருமனாக இருக்க, உள்ளிருக்கும் இழைகளின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றுக்கு இடையிலுள்ள சந்துகளும் பெருகுகின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்தச் சந்துகளின் வழியே வேர்வை ஏறிப் பரவுகிறது. பாலியெஸ்டர் தான் நீரை உறிஞ்சுவதில்லை; நீர் ஓடுவதற்கு வாய்க்கால் வெட்டித் தருகிறது. தோலைத் தொடும் உட்புறத்தில் சற்றுப் பருத்த இழைகளையும், காற்றைத் தொடும் வெளிப்புறத்தில் மிக மெல்லிய இழைகளையும் வைத்துப் பின்னினால், உள்ளிருக்கும் ஈரம் தானாகவே வெளிப்புறத்துக்கு இழுக்கப்படும். ஓடுகிறவர் உடம்பின் உஷ்ணத்தைத் துணியின் அமைப்பே தணிக்கும் இந்த உபாயத்துக்கு மேலே பூசும் மருந்து எதுவும் வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் நல்ல சட்டைக்கும் போலிச் சட்டைக்கும் வேற்றுமை பிறக்கிறது. வாய்க்காலைத் துணியின் பின்னலிலேயே வைப்பது ஒரு வழி. ரசாயனத் திரவத்தில் துணியை முக்கியெடுத்து அந்தக் குணத்தை மேலே ஏற்றிவிடுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் செலவு குறைவு. கடையில் தொட்டுப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் பூச்சு துவைக்குந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்பட்டுப் போகிறது. என் முதற் சட்டையின் துரதிர்ஷ்டம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

பனியன் ஊரின் கைத்திறன்

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு வந்து, இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கி, அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் சென்றால் திருப்பூர். 1932-இல் கொடியைக் கையில் ஏந்தி அடிபட்டு உயிர்நீத்த குமரனின் பெயரோடு சேர்த்து வழங்கும் இந்த ஊர், அக்காலத்தில் கதருக்குப் பேர்பெற்றது. பிறகு பனியனுக்குப் பேர்பெற்றது. 1980-களுக்குப் பின் உலகத்தின் பல தேசங்களுக்குப் பின்னலாடை அனுப்பும் நகரமாக வளர்ந்தது. கதரிலும் பருத்தியிலும் ஊறிய கைகளாதலால் செயற்கை இழைக்கு அவை தாமதமாகவே பழகின. உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கும் மேல் பாலியெஸ்டராகிவிட்ட காலத்தில், பருத்தியையே நம்பியிருப்பது போதாது என்பதை உணர்ந்து, மத்திய அரசாங்கமும் 2021-இல் செயற்கை இழை ஆடைகளுக்கும் தொழில்நுட்ப ஜவுளிகளுக்கும் 10,683 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது.

பாலியெஸ்டருக்குப் பழகுவதென்றால், பட்டறையின் ஒவ்வொரு மூலையிலும் பழைய வழக்கத்தை மாற்றிக்கொள்வது என்று பொருள். பருத்திக்குச் சாயமேற்றக் கொதிநிலைக்கும் குறைந்த வெப்பம் போதும். பாலியெஸ்டரோ 130 பாகை வெப்பத்தில், அழுத்தம் தாங்கும் மூடிய கலத்துக்குள்தான் சாயத்தை உள்ளே விடுகிறது. வீட்டுப் பிரஷர் குக்கருக்குள் எழும் வெப்பம் 120 பாகை அளவுதான் என்பதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும். பின்னிய துணியை 180 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நிலைப்படுத்தினால்தான், அது பிறகு சுருங்காமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்கும். தையல் யந்திரத்தின் ஊசி வேகமாக ஓடிச் சூடேறினால் பருத்தி பொறுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உருகி ஓட்டை விழும். ஆகவே கூர்முனை மழுங்கிய, இழையைக் குத்தாமல் விலக்கிச் செல்லும் ஊசியும், மட்டான வேகமும் அவசியமாகின்றன.

திருப்பூரில் பவர் டேபிள் எனப்படும் ஒரு சிறு தையற்கூடத்துக்குச் சென்றிருந்தபோது, அங்கே பேட்லாக் யந்திரத்தில் அமர்ந்திருந்த டெய்லர், தாம் முடித்த ஓட்டச் சட்டை ஒன்றை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி என் கையில் கொடுத்தார். "கண்ணை மூடிட்டுத் தடவிப் பாருங்க சார், ஒட்டு எங்கே இருக்குதுன்னு சொல்லுங்க" என்றார். தடவினேன், சொல்ல முடியவில்லை. சாதாரண ஓவர்லாக் தையலில் இரண்டு விளிம்புகளும் ஒன்றாகச் சேர்ந்து வரப்புப்போல் எழும்பி நிற்கும். ஒரு மணி நேர ஓட்டத்தில் அந்த வரப்பு ஆயிரக்கணக்கான தடவை தோலை உரசிப் புண்ணாக்கிவிடும். பேட்லாக்கிலோ நான்கு ஊசிகளும் ஆறு நூல்களும் சேர்ந்து, இரு துண்டுகளின் விளிம்புகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துத் தட்டையாகப் பின்னிவிடுகின்றன. அதிலே மேடு இல்லை. இழுத்தால் துணியோடு சேர்ந்து தையலும் நீளும். விட்டால் சேர்ந்தே சுருங்கும். அந்த டெய்லரின் இடது கை விரல்கள் இரண்டு விளிம்புகளையும் ஊசியின்கீழ் நழுவவிடாமல் செலுத்திய லாகவத்தைக் காணக் காண எனக்கு வியப்பு அடங்கவில்லை. மெல்லிய துணி வழுக்கும். மயிரிழை பிசகினால் தையல் ஒரு பக்கம் துணியைப் பிடிக்காமல் போய்விடும். அப்படிப் பிடிக்காமல் போன இடம்தான் இரண்டு மாதத்தில் அக்குளில் திறந்துகொள்ளும்.

வெட்டும் மேஜையிலும் இதற்கு இணையான நுட்பம் உண்டு. உருளையில் இறுகிச் சுற்றியிருந்த துணியை விரித்துச் சில மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் கட்டிங் மாஸ்டர் அதில் கத்தி வைப்பார். இல்லையெனில் வெட்டிய பிறகு துணி தன் இயல்புக்குத் திரும்பிச் சட்டை குட்டையாகிவிடும். தோளின் உச்சியில் வரும் தையலைச் சற்று முன்னே தள்ளுவதும், கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வாக ஓடும் ராக்லான் கையை அமைப்பதும், வேர்வை மிகும் முதுகின் நடுவிலும் அக்குளிலும் வலைப்பின்னல் துணியை வைத்து, உரசல் மிகும் இடுப்பிலும் தோளிலும் நெருக்கமான பின்னலை வைப்பதும், உறுத்தும் துணி லேபிளுக்குப் பதிலாக எழுத்துக்களைச் சூட்டால் பதிப்பதும் இக்கலையின் அங்கங்கள். ஆடை முழுவதும் ஒரே சீராக இலேசாக இருக்கவேண்டியதில்லை. எங்கே தேயுமோ அங்கே கனத்தையும், எங்கே தேயாதோ அங்கே மென்மையையும் பங்கிட்டு வைப்பவரே மெய்யான வடிவமைப்பாளர்.

துவைகல் என்னும் பரிசோதனைச்சாலை

துணியின் உழைப்பைச் சோதிக்க விஞ்ஞானம் பல யந்திரங்களைக் கண்டிருக்கிறது. மார்ட்டிண்டேல் யந்திரம் வட்டமாக வெட்டிய துணித்துண்டைக் கம்பளித் துணியின்மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகள் தேய்த்து, எத்தனையாவது சுற்றில் இழை அறுகிறது என்று கணக்கிடுகிறது. மற்றொரு யந்திரம் பின்னல் துணியின் அடியிலிருந்து அழுத்தம் கொடுத்து அது எப்போது வெடிக்கிறது என்று பார்க்கிறது. கோயம்புத்தூரில் 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இத்துறையில் நமக்குக் கிடைத்த அரும்பேறு. சேர்வராயன் மலையின் அடிவாரமாகிய சேலத்திலேயே 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இயங்கிவருகிறது.

ஆயினும் என் மனத்தில் ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. நம் ஊரில் தைக்கும் ஓட்ட ஆடைகளில் பெரும்பகுதி வெளிநாட்டு வீட்டின் சலவை யந்திரத்தையும், அங்குள்ள மிதமான வெயிலையும் மனத்தில் கொண்டே வகுக்கப்படுகிறது. மஞ்சக்குட்டையில் அந்த ஆடைக்கு நேரும் கதியே வேறு. கட்டிச் சோப்பைத் தேய்த்துக் கருங்கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள், முறுக்கிப் பிழிகிறார்கள், பனி விலகியதும் உச்சி வெயிலில் கொடியில் காயப்போடுகிறார்கள். நைலான் நெடுநாள் வெயிலில் பலமிழந்து மஞ்சளிக்கும். பாலியெஸ்டர் அதைவிட நன்றாக வெயிலைத் தாங்கும். எலாஸ்டேன் மிகுதியாகக் கலந்த துணி, சூட்டாலும் முறுக்கிப் பிழிவதாலும் தளர்ந்து தொங்கும். மணம் தரும் சலவைத் திரவங்கள் இழைகளின்மேல் மெழுகுபோல் படிந்து வேர்வை ஓடும் வாய்க்கால்களை அடைத்துவிடும். பாலியெஸ்டர் எண்ணெய்ப்பசையை விடாமல் பற்றிக்கொள்வதால் வேர்வை நாற்றமும் அதில் தங்கும். ஆகையால் ஓடி முடித்த அன்றே துணியை அலசிவிடுவது நலம்.

இவற்றையெல்லாம் கருதி நமக்கென்று ஓர் ஓட்டச் சட்டை வகுத்தால் அது எப்படியிருக்கும்? உலகத்து வேகச் சாதனையாளர் அணியும் மிக மெல்லிய சட்டையைவிடச் சற்றுக் கனமாக, சதுர மீட்டருக்கு 130 கிராம் அளவில் இருக்கும். குணம் பூச்சில் இல்லாமல் பின்னலில் இருக்கும். எலாஸ்டேனைத் துணியில் குறைத்து, நீளும் தன்மையைப் பின்னலிலிருந்தே பெறும். அக்குளில் சாய்சதுரமான சிறு துண்டு ஒன்று இணைந்து, கையை உயர்த்தும்போது தையலின்மேல் விழும் இழுப்பைத் தானே வாங்கிக்கொள்ளும். பக்கத் தையல் பிரிந்தால் ஊரிலுள்ள சாதாரணத் தையற்காரரே மறுபடி தைத்துக் கொடுக்கக்கூடியதாக இருக்கும். இந்த மலைக் கிராமங்களில் ஒரு பிள்ளையின் விளையாட்டுச் சட்டை அவனோடு முடிந்துபோவதில்லை. தம்பிக்கும், அவனுக்குப் பின் சித்தப்பா மகனுக்கும் செல்கிறது. மூன்று பிள்ளைகள் ஓடி முடிக்கும்வரை நிற்கும் சட்டையே இங்கே நல்ல சட்டை.

எடையைக் கணக்கிடும் முறையையும் நாம் மாற்றிக்கொள்ளலாம். 90 கிராம் சட்டையொன்று 50 ஓட்டங்களில் கிழிந்துவிடுகிறது என்றும், 130 கிராம் சட்டையொன்று 300 ஓட்டங்கள் உழைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் ஓட்டத்துக்கு முன்னது 1.8 கிராம் துணியைச் செலவழிக்கிறது. பின்னது அரைக் கிராமுக்கும் குறைவாகவே செலவழிக்கிறது. இவ்வழியில் பார்க்கும்போது உழைக்கும் துணியே இலேசான துணி.

பாரம் யார் தலையில்?

இந்தக் கணக்கு ஆற்றுக்கும் பொருந்தும். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலாற்றில் கலந்து, பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையை நச்சுநீர்த் தேக்கமாக்கிய வரலாற்றை நாம் மறக்கலாகாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டு எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்ட பின்னரே, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே உறுதியாக வேரூன்றியது. இரண்டு மாதத்தில் கிழியும் சட்டைக்கும், ஆறு ஆண்டு உழைக்கும் சட்டைக்கும் சாயத்தொட்டியில் செலவாகும் நீர் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை வாங்குகிறவரும் செய்கிறவரும் சேர்ந்து எண்ணிப்பார்க்க வேண்டும்.

நீரைக் குறைக்க இன்னொரு மார்க்கமும் பிறந்திருக்கிறது. பாலியெஸ்டர் உருகிய குழம்பாக இருக்கும்போதே அதில் நிறத்தைக் கலந்துவிட்டால், இழை நிறத்தோடே பிறக்கும், சாயத்தொட்டியே வேண்டாம், துவைத்தாலும் வெயிலில் கிடந்தாலும் அந்த நிறம் எளிதில் வெளுக்காது. கரூரிலுள்ள ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் நிறுவனம் பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி இழையாக்கித் துணி செய்துவருகிறது; 2023 பிப்ரவரியில் பிரதம மந்திரி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீலநிற மேற்சட்டையின் துணி அங்கிருந்து வந்ததே. இதே முறையில் இந்தியன் ஆயில் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு வகுத்த சீருடையில், ஒரு ஜோடிக்குச் சுமார் 28 பாட்டில்கள் செலவாகும் என்று கணக்கிட்டார்கள். ஏற்காட்டுக்கு வரும் உல்லாசப் பயணிகள் சாலையோரத்தில் எறிந்துவிட்டுப் போகும் பாட்டிலும், நான் விடியற்காலையில் அணிந்து ஓடும் சட்டையும் ஒரே பொருளால் ஆனவை என்று அறிந்த நாள் முதல், அந்தப் பாட்டில்களைக் குப்பையென்று மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. ஆனால் பாட்டிலிலிருந்து வந்த துணியும் துவைக்கும்போது நுண்ணிய பிளாஸ்டிக் தூசுகளை நீரில் உதிர்க்கிறது. இறுகப் பின்னிய, நீண்ட இழைகளாலான துணி குறைவாக உதிர்க்கும். அதுவே நெடுநாள் உழைப்பதும் ஆகும்.

சென்ற ஆண்டு, மேலே சொன்ன விதமாக ஒரு சட்டையைத் திருப்பூரிலேயே தைத்து வாங்கிக்கொண்டேன். மார்கழிப் பனியிலும் வைகாசி மழையிலும் அதை அணிந்து ஓடினேன். பாட்டியம்மாள் அதைத் தயவுதாட்சண்யமின்றிக் கல்லில் அடித்துத் துவைத்தார். அண்மையில் அவருடைய பேரன் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்கு ஒரு சட்டை வேண்டுமென்று கேட்டு வந்தபோது, அதையே எடுத்துக் கொடுத்தேன். பாட்டியம்மாள் அதை அவன் கையிலிருந்து வாங்கி, உட்புறத்தைத் திருப்பி, அக்குள் தையலைக் கட்டைவிரலால் நெடுக அழுத்திப் பார்த்தார். திருப்பூரில் முகமறியாத ஒரு டெய்லரின் விரல்கள் நடந்த அதே வழியில் இந்த விரலும் நடந்தது. "இவனுக்குப் பொறகு சின்னவனுக்கும் ஆகுமுங்க" என்று சொல்லிப் பேரனிடம் திருப்பிக் கொடுத்தார். முழங்காலைத் தொடும் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, சிறுவன் பனிக்குள்ளே இறக்கத்தில் ஓடி மறைந்தான்.